எடிட்டிங் அறையிலிருந்து கலர் அறைக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



வேதியியல் படித்தவனுக்கு சினிமா எடிட்டிங்கில் என்னய்யா வேலை என்று சங்கச் செயலாளர் கேட்டார். அதையே பேசச் சொல்லிவிட்டார். கொடுத்தது பத்து நிமிஷம். ஒரே ஒரு சங்கதி சொல்கிறேன்.

ஃபிலிம் காலத்தில் நெகடிவின் ஓரத்தில் எண்கள் இருக்கும். எடிட்டர் வெட்டுவது பிரிண்ட் பிரதியை. பிறகு நெகடிவ் கட்டர் அந்த ஓர எண்களைப் பார்த்து மூல நெகடிவை வெட்டி ஒட்டுவார். தப்பாக வெட்டினால் போச்சு, திரும்ப வராது.

இப்போது ஃபிலிம் போய்விட்டாலும் அந்த வேலை போகவில்லை. கேமராவின் மூலக் கோப்புகள் ரொம்பப் பெரிசு. அதனால் சின்ன நகல்களை வைத்து பிரீமியரிலோ ஆவிடிலோ எடிட் செய்வோம். முடிந்ததும் டாவின்சி ரிசால்வ் மாதிரியான கலர் மென்பொருளுக்கு அனுப்பவேண்டும். அப்போது போவது படமல்ல, ஒரு பட்டியல்: எந்தக் கோப்பு, எந்த டைம்கோடில் தொடங்கி எதில் முடிகிறது என்று. 'ஈடிஎல்' என்போம். அதைப் படித்து மூலக் கோப்புகளைக் கோர்ப்பதற்கு 'கன்ஃபார்ம்' என்று பெயர். ஷாட்டைப் பெரிதாக்கியது, நகர்த்தியது எல்லாம் ஈடிஎல்லில் போகாது. எக்ஸ்எம்எல்லில் பெரும்பாலும் போகும். ஆனாலும் கண்ணால் பார்க்காமல் நம்பக்கூடாது.

நான் உதவி எடிட்டராக இருந்த ஒரு படம். மகன் ஊரைவிட்டுப் போகிறான், அம்மா வாசலில் நிற்கிறாள். மூன்றாவது டேக்கில் அந்த நடிகை அழுதார். ஏழாவதில் அழவில்லை, சும்மா பார்த்தார். இரண்டு நாள் விவாதம் செய்து டைரக்டர் ஏழாவதைத்தான் வைத்தார். படமே அந்தப் பார்வையில்தான் நிற்கிறது என்பார்.

ஈடிஎல் போட்டு அனுப்பியவன் நான். கோப்புகளின் பெயர் ஏ001_சி003, ஏ001_சி007 என்று போகும். சிஎம்எக்ஸ் 3600 என்கிற பழைய வகைப் பட்டியலில் பெயருக்கு 8 எழுத்துதான் இடம். வெட்டினால் இரண்டுமே 'ஏ001_சி00'! டைம்கோடாவது காப்பாற்றுமா என்றால், கேமராவில் யாரோ ஒவ்வொரு ஷாட்டும் 01:00:00:00-லிருந்து தொடங்கும்படி வைத்துவிட்டார்கள். நம்ம லேபில் முதல் நாளே சொன்னார்களே, லேபிள் இல்லாத பாட்டிலைத் தொடாதே என்று. பாதி கிழிந்த லேபிளை நானே ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

மென்பொருள் மூன்றாவது டேக்கை எடுத்துக்கொண்டது. நீளம் ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டைரக்டர் அன்றைக்குப் பின்னணி இசைக்குப் போயிருந்தார். கலர் அறையில் சத்தம் இல்லாமல் பார்த்தோம். எல்லோரும் முகத்தின் நிறத்தைப் பார்த்தோமே தவிர முகத்தைப் பார்க்கவில்லை, நான் உட்பட.

கண்டுபிடித்தவர் சவுண்ட் மிக்ஸிங் இன்ஜினியர். "தம்பி, அம்மா மூக்கை உறிஞ்சுறாங்க, சத்தமே இல்லையேப்பா?" என்றார். ஒலி ஏழாவது டேக்கினுடையது, அதில் ஏது அழுகை? ரிலீஸுக்கு நாலே நாள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக, அந்தக் கேமராவின் ஒவ்வொரு ஷாட்டையும் எடிட்டோடு ஒப்பிட்டோம். இன்னும் இரண்டு இடம் தப்பு. கலரிஸ்ட் மூன்றையும் புதிதாகச் செய்து கொடுத்தார், முகம் சுளிக்காமல்.

அதற்கப்புறம் நான் விடாமல் செய்வது இது: எடிட் செய்த படத்தை, டைம்கோடு மேலேயே தெரியும்படி, ஒரே வீடியோவாக எடுத்துப் பட்டியலோடு அனுப்புவேன். கலர் அறையில் அதையும் கன்ஃபார்ம் செய்ததையும் பாதிப் பாதித் திரையில் போட்டு ஓட்டிப் பார்ப்பேன். இரண்டு மணி நேரப் படம் என்றால் 24 ஃப்ரேம் கணக்கில் 1,72,800 ஃப்ரேம். அலுப்புதான். கன்ஃபார்ம் நாளில் மத்தியானம் மட்டும் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வேன், தூக்கம் வந்துவிடும்.

டைரக்டரிடம் அன்று ராத்திரியே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மூன்றாவது டேக்கை இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏழுதான்" என்றார்.

இந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க ஆசைப்படும் தம்பி தங்கைகள் விழா முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். பத்து நிமிஷம் முடிந்துவிட்டது, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.