ஒரு வேளை சாப்பாடு போதாதுங்க. எங்களுக்கு அப்புறமும் ஆள் வேணும்

உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி பொள்ளாச்சியில் நடந்த நமது கூட்டத்தில், அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர மையம் நடத்திவரும் ஒரு தாய் ஆற்றிய உரை இது. நம்மைப் பற்றியும் சில உண்மைகளை முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். ஒரு வரியும் குறைக்காமல் பகிர்கிறோம். முழுதாகப் படியுங்கள்.

*

எல்லாருக்கும் வணக்கமுங்க.

மேடையில் இருக்கிற பெரியவங்களுக்கும், மகளிர் அணிச் சகோதரிகளுக்கும், இடம் இல்லாம பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டிருக்கிற தம்பிகளுக்கும் வணக்கம். நான் மைக் பிடிச்சுப் பேசிப் பழகினவ இல்லீங்க. தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி எங்க மையத்துக்கு ஒரே நாள்ல மூணு இடத்துல இருந்து மதியச் சாப்பாடு வந்துச்சு. அன்னைக்கு ஒரு தலைவருக்குப் பிறந்தநாள். எந்தக் கட்சின்னு சொல்ல மாட்டேன். எல்லாக் கட்சியும் செய்றதுதான், நீங்களும் செய்றீங்க. பிரியாணி, தக்காளி சாதம், தயிர் சாதம், கேசரி. எங்ககிட்ட இருக்கிறது 22 பேர். வந்தது நூறு பேருக்கு மேல சாப்பிடுற சாப்பாடு. போட்டோ எடுத்தாங்க. எங்க பசங்களும் சந்தோஷமாத்தான் சாப்பிட்டாங்க.

மறுநாள் காலையில எங்க ஆயாம்மா உடம்பு சரியில்லைன்னு லீவு. அன்னைக்குன்னு பார்த்து ஒரு பொண்ணுக்கு மாதவிலக்கு. 24 வயசுப் பொண்ணு, ஆனா என்ன நடக்குதுன்னு அதுக்குப் புரியாது, பயந்து கத்தும். அதைச் சமாதானப்படுத்தி, குளிப்பாட்டி, துணி மாத்திவிடணும். அதே நேரத்துல இன்னொரு பையனுக்கு வலிப்பு. ஒரு டீச்சர், நான், மிச்சம் 20 பேர். நேத்து போட்டோவுல நின்ன அத்தனை பேர்ல ஒரே ஒருத்தர், ஒரு மணி நேரம் இன்னைக்கு வந்திருக்கக் கூடாதான்னு அன்னைக்கு நெனச்சேன்.

இதைக் குறையாச் சொல்ல வரலீங்க. சாப்பாடு போடுற மனசு பெரிய மனசு. அந்த மனசை எந்தப் பக்கம் திருப்பணும்னு சொல்லத்தான் வந்தேன்.

என் பையனுக்கு இப்ப 33 வயசு. பிறந்தவுடனே அழலை. மூளைக்கு ஆக்சிஜன் சரியாப் போகலைன்னு பின்னால சொன்னாங்க. தலை நிக்க ஒரு வருஷம், நடக்க நாலு வருஷம். அம்மான்னு கூப்பிட ஆறு வருஷம். ஊர்ல என்னென்னவோ சொன்னாங்க. சொந்தத்துல கட்டினதால, கிரகணத்துல வெளிய போனதால, போன ஜென்மத்துப் பாவம்னு. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போயி நீதிக்கல்லுல மிளகாய் அரைச்சுப் பூசிட்டு வான்னு சொன்னாங்க. போனேன். அம்மிக்கு முன்னாடி உட்கார்ந்தப்பத்தான் யோசனை வந்துச்சு, நம்மளுக்கு அநியாயம் பண்ணினவங்க மேலதானே மிளகாய் பூசணும், எனக்கு யாருங்க அநியாயம் பண்ணினாங்க? மிளகாயை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

ஒண்ணு தெளிவாச் சொல்லணும். மனநோய் வேற, அறிவுசார் குறைபாடு வேற. மனநோய் யாருக்கும், எந்த வயசுலயும் வரலாம். மருந்து, சிகிச்சை உண்டு. அறிவுசார் குறைபாடு பிறப்புலயோ சின்ன வயசுலயோ வர்றது. மூளை வளர்ச்சி மெதுவா இருக்கும். ஊசி போட்டுச் சரியாக்கிற நோய் இல்லை. ஆனா பயிற்சி கொடுத்தா அந்தப் பிள்ளை தன் வேலையைத் தானே பார்த்துக்கிற அளவுக்கு வர முடியும். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நம்ம நாட்டுல இப்படி 15 லட்சம் பேர் இருக்காங்க.

சென்னையில மதுரம் நாராயணன் மையம்னு ஒண்ணு 1989-ல இருந்து நடக்குது. சின்னக் குழந்தைகளுக்கான ஆரம்பப் பயிற்சி அது. அங்க அம்மாவும் கூடவே உட்கார்ந்து பழகணும். டீச்சர் சொல்லிக்கொடுக்கிறது ரெண்டு மணி நேரம், மிச்ச நேரம் பூரா பிள்ளை வீட்டுலதானே இருக்கு? அதை ஒரு கூட்டத்துல கேட்டப்ப, என் பையன் குழந்தையா இருந்தப்ப இது எனக்குத் தெரியாமப் போச்சேன்னு அன்னைக்கு ராத்திரி பூரா தூக்கமில்லை.

பையனைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனேன். "மத்த பிள்ளைங்க பயப்படும்"னு ஒரு இடத்துல திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப சட்டம் வந்திருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி அவங்க உரிமை. அன்னைக்கு இந்தச் சட்டம் இல்லை. வெளிய திண்ணையில உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தப்ப பக்கத்துல இன்னொரு அம்மா, அவங்களும் திருப்பி அனுப்பப்பட்டவங்க. அப்படியே நாங்க அஞ்சு பேர் சேர்ந்தோம். ஒரு வீட்டுல முன்பக்க ரூம் ஒண்ணை வாடகைக்கு எடுத்தோம். ஒருத்தி சமைக்க, ஒருத்தி பாட்டுச் சொல்லித்தர, ஒருத்தி கக்கூஸ் பழக்க. அதுதான் எங்க மையத்தோட ஆரம்பம்.

தென்காசிப் பக்கம் ஆயக்குடியில அமர் சேவா சங்கம் இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. 1975-ல கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன எஸ்.ராமகிருஷ்ணன்ங்கிற இளைஞர் கீழ விழுந்து கழுத்துக்குக் கீழ செயல் இழந்துட்டார். அவர் சொந்தக் கிராமத்துல 1981-ல அஞ்சு பிள்ளைகளை வெச்சு ஆரம்பிச்சார். தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பேரையே சங்கத்துக்கு வெச்சார். இன்னைக்கு அங்க சிறப்புப் பள்ளி, தொழிற்பயிற்சி, கிராமம் கிராமமா வீட்டுக்கே போயிப் பயிற்சி கொடுக்கிற ஆட்கள்னு எல்லாம் இருக்கு. 2020-ல அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தாங்க. நாங்க அவ்வளவு பெருசா வரலீங்க. ஆனா அஞ்சுல ஆரம்பிச்சவங்கன்னு கேட்டா எங்களுக்கு ஒரு தைரியம்.

சரி, மையம் நடத்துறதுன்னா என்னன்னு சொல்றேன். ட்யூப்லைட் வாங்கித் தர ஆள் இருக்கு. ஃபேன் வாங்கித் தர ஆள் இருக்கு. அதுல "உபயம்"னு பேர் எழுதலாம். எங்ககிட்ட ஒரு ஹால்ல ஏழு ஃபேன் இருக்குதுங்க. டீச்சர் சம்பளத்துக்குப் பணம் தர்ற ஆள் கிடைக்கிறது கஷ்டம். சம்பளத்துல உபயம்னு எழுத முடியாதே! செலவுல பெரும்பகுதி சம்பளமும் வண்டி வாடகையும்தான். சிறப்புக் கல்வி படிச்ச பொண்ணு, வேற ஊர்ல இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தா போயிடும். அதைத் தப்புன்னு சொல்ல முடியுமா? அந்தப் பொண்ணு போன அன்னைக்கு எங்க பசங்க ரெண்டு பேர் மூணு நாள் சாப்பிடலை. அவங்களுக்கு ஆள் மாறுறதுதான் பெரிய அடி. பழகின கை வேணும்.

அடுத்தது 18 வயசு. அதுவரைக்கும் பள்ளி, பயிற்சின்னு ஏதோ ஓடும். 18 முடிஞ்சதும் பிள்ளை வீட்டுக்குள்ள. கதவைச் சாத்திட்டு அம்மா தோட்டத்து வேலைக்குப் போறா. நம்ம பக்கத்துலயே நான் பார்த்திருக்கேன். 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி வால்பாறை எஸ்டேட்ல இருந்து ஒரு அம்மா என்கிட்ட வந்தாங்க. "தேயிலை பறிக்கப் போகையில பொண்ணை ஜன்னல் கம்பியில கட்டிப்போட்டுட்டுப் போறேன் அக்கா, என்னைய ஜெயில்ல போட்டுருவாங்களா?"ன்னு கேட்டாங்க. நான் என்ன பதில் சொல்றது?

அதனாலதான் நாங்க பெரியவங்களுக்கு வேலை பழக்குறோம். நம்ம ஊர்ல தென்னைக்குப் பஞ்சமா? நார்க் கம்பெனிங்க சுத்தியும் இருக்கு. ஒரு நாற்றுப்பண்ணைக்காரர், நல்ல மனுஷன், என் பையனைக் குழித்தட்டுல நார்க்கழிவு நிரப்புற வேலைக்குக் கூப்பிட்டார். மொத நாள் நான் கூடவே நின்னேன். அவனுக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியாது. ஆனா ஒரு குழியும் விடாம நிரப்பினான். "அக்கா, எங்க ஆளுங்க போன் பார்த்துக்கிட்டே அரைகுறையா நிரப்புவாங்க, தம்பி அப்படி இல்லை"ன்னார். சாயங்காலம் கூலியை அவன் கையில கொடுத்தார். வீட்டுக்கு வர்ற வழியில பேக்கரியில நிறுத்தி அவனே தேங்காய் பன் வாங்கி, அவனே காசு கொடுத்து, பாதியைப் பிச்சு எனக்குக் கொடுத்தான். 30 வருஷம் நான் ஊட்டினதுக்கு அவன் திருப்பி ஊட்டின நாள் அது.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். எனக்கு 58 வயசு. சர்க்கரை இருக்கு, முட்டி தேஞ்சு போச்சு. எங்க வீட்டுக்காரர் தவறி நாலு வருஷம் ஆச்சு. எங்க மையத்துல எல்லா அம்மா அப்பாவும் ராத்திரி படுக்கையில ஒண்ணைத்தான் நினைக்கிறாங்க. நமக்கு அப்புறம் யாரு? சில பேர் "எனக்கு முன்னாடி இவன் போயிடணும்"னு சாமிகிட்ட வேண்டிக்கிறாங்க. பெத்தவ வேண்டுற வேண்டுதலாங்க இது? அந்த வேண்டுதல் இல்லாம ஒரு தாய் தூங்கணும். அதுக்குத்தான் உங்ககிட்ட நாலு விஷயம் கேக்குறேன்.

ஒண்ணு, வாய். மேடையில எதிராளியைத் திட்டணும்னா "லூசு", "மெண்டல்"னு சொல்றீங்க. பேஸ்புக்குல கமெண்ட்ல அதைவிட மோசம். 2023 டிசம்பர்ல தேர்தல் ஆணையமே எல்லாக் கட்சிகளுக்கும் எழுதுச்சு, மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்துற வார்த்தைகளைப் பேச்சுல, பிரச்சாரத்துல பயன்படுத்தாதீங்கன்னு. எதிர்க்கட்சிக்காரனைக் கொள்கையை வெச்சுத் திட்டுங்க. என் பிள்ளையை வெச்சுத் திட்டாதீங்க.

ரெண்டு, காகிதம். அடையாள அட்டை, மாசா மாசம் பராமரிப்பு உதவித்தொகை, ஒரு லட்சம் வரைக்கும் மருத்துவச் செலவுக்கு நிரமயா காப்பீடு, துணைக்கு வர்றவங்களுக்கும் சேர்த்து ரயில் கட்டணச் சலுகை, எல்லாம் இருக்கு. நிறைய அம்மாக்களுக்குத் தெரியாது. 18 வயசுக்கு அப்புறம் பிள்ளைக்குச் சட்டப் பாதுகாவலர் நியமிக்கணும். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில அதுக்குன்னு குழு இருக்கு. கலெக்டர் ஆபீஸ் கோவையில, 40 கிலோமீட்டர். கூட்டம் நிறைஞ்ச பஸ்ல, சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிட்டு அலர்ற 25 வயசுப் பையனைக் கூட்டிட்டுப் போயிப் பாருங்க. உங்க வார்டுல இப்படி எத்தனை வீடுன்னு கணக்கு எடுங்க. ஓட்டுக்கு வீடு வீடாப் போற உங்களுக்கு அது கஷ்டமில்லை. மனு எழுதிக் கொடுங்க, ஒரு கார் ஏற்பாடு பண்ணுங்க.

ஓட்டுன்னதும் இன்னொண்ணு. எங்க பசங்களுக்கும் ஓட்டு உண்டுங்க. மனநிலை சரியில்லைன்னு நீதிமன்றம் அறிவிச்சாத்தான் பேரை நீக்க முடியும். "இவனுக்கு எதுக்கு?"ன்னு பட்டியல்ல சேர்க்காம விடாதீங்க.

மூணு, வேலை. இங்க தோப்பு வெச்சிருக்கிறவங்க, நார் கம்பெனி, வெல்ல மண்டி, பேக்கரி வெச்சிருக்கிறவங்க இருக்கீங்க. ஆளுக்கு ஒருத்தரை எடுத்துக்கோங்க. மொத ஒரு மாசம் எங்க ஆள் கூட வந்து பழக்கிக் கொடுக்கும்.

நாலு, நேரம். பிறந்தநாள் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லலை. அன்னைக்கு வர்ற அம்பது பேர்ல அஞ்சு பேர், வாரம் ஒரு நாள், ரெண்டு மணி நேரம் வாங்க. அதே ஆள், அதே கிழமை. ஒரு வருஷம் தொடர்ந்து வந்தா எங்க பசங்க உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. அப்புறம் நான் இல்லாமப் போனாலும் அவங்களுக்குத் தெரிஞ்ச முகம் ஊர்ல நாலு இருக்கும். எத்தனை பெரிய கட்டடம் கட்டினாலும் அந்த நாலு முகத்துக்கு ஈடாகாதுங்க.

போன வாரம் என் பையன்கிட்ட, "சாமி, அம்மா ஊருக்குப் போயிட்டா நீ யாருகூட இருப்பே?"ன்னு கேட்டேன். நாற்றுப்பண்ணை அண்ணன் பேரைச் சொன்னான். ஆட்டோக்காரத் தம்பி பேரைச் சொன்னான். அப்புறம் ரொம்ப நேரம் யோசிச்சான். மூணாவது பேர் அவனுக்குக் கிடைக்கலை.

அந்த மூணாவது பேர் உங்கள்ல யாராவது ஒருத்தரா இருக்கணும்னு கேட்டுத்தான் இன்னைக்கு வந்தேன்.

நன்றிங்க. வணக்கம்.

*

உரை முடிந்ததும் கைதட்டினோம். கைதட்டலோடு நிற்கக்கூடாது. வாரம் இரண்டு மணி நேரம் தரக்கூடிய பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு, வால்பாறை பகுதித் தோழமைகள் தங்கள் வார்டு பொறுப்பாளரிடம் பெயர் கொடுங்கள். வேறு ஊரில் இருப்பவர்கள், உங்கள் ஊரில் இப்படி ஒரு மையம் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிப் போய்ப் பாருங்கள். கேமரா வேண்டாம்.

#பொள்ளாச்சி #மாற்றுத்திறனாளிகள்தினம்