கை பழகாத இரக்கம்

(மயிலாப்பூரில் வாலிபர்களுக்காக நடந்த முதலுதவி வகுப்பின் ஆரம்பத்தில் பேசியது)



இந்த வகுப்பை ஆரம்பித்து வைக்கும்படி என்னைக் கேட்டுக் கொண்டீர்கள். அதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு இரவு, லஸ் முனைக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு வாலிபன் வேனில் மோதி விழுந்தான். ஓடிப்போய்த் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஒருவர் தோளைப் பிடித்தார். நான் காலைப் பிடித்தேன். மூட்டையைத் தூக்குவது போல் தூக்கி, ஓர் ஆட்டோவில் மடக்கித் திணித்தோம். வாயில் தண்ணீரும் ஊற்றினேன். பையன் பிழைத்தான். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவேயில்லை. மோதியபோதே போயிற்றா, நாங்கள் தூக்கியபோது போயிற்றா என்பதை எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. "எல்லாம் அவன் தலைவிதி" என்று பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

தோழர்களே! விதி என்று சொல்லிவிட்டால் என் கை செய்த காரியத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. அதுதான் விதியினால் நமக்குள்ள சௌகரியம். அந்தச் சௌகரியம் எனக்கு வேண்டாம் என்றுதான் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டேன்.

முதுகெலும்புக்குள்ளே நரம்புத் தண்டு ஓடுகிறது. எலும்பு முறிந்திருந்தும் தண்டு அறுபடாமல் இருக்கலாம். அப்போது கழுத்தைத் திருப்பி இழுத்தால், விபத்து செய்யாமல் விட்டதை நாம் செய்து முடிக்கிறோம். ஆகையால்தான் பயிற்சி பெற்றவர் முதலில் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடிக்கிறார், கழுத்துப்பட்டை கட்டுகிறார், உடம்பை ஒரே மரக்கட்டை போல் புரட்டிப் பலகையில் ஏற்றுகிறார். ஹெல்மெட்டை ஒருவராகப் பிடுங்குவதில்லை. மூச்சுக்குத் தடையானால் ஒருவர் கழுத்தைத் தாங்க, இன்னொருவர் மெதுவாகக் கழற்றுகிறார். இரத்தம் பீறினால் துணியை வைத்து அழுத்துகிறார். நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்ப்பதில்லை. நினைவற்றவன் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும் என்பதால் ஒரு சொட்டும் கொடுப்பதில்லை.

நம் நாட்டில் இதற்கு வசதியில்லையா? 2008-ஆம் வருஷ முதல் தமிழ்நாட்டில் 108 வண்டி ஓடுகிறது. அதில் டிரைவரோடு, பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் வருகிறார். 2021 டிசம்பரில் ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊராரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எல்லாம் சரி, ஆனால் தியாகராய நகர் நெரிசலைத் தாண்டி வண்டி வந்து சேரும்வரை அடிபட்டவன் யார் கையில் இருக்கிறான்? உங்கள் கையில், என் கையில் அல்லவா?

"இதெல்லாம் படித்தவர்கள் வேலை" என்பீர்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் 1967-இல் 'ஃபிரீடம் ஹவுஸ்' என்ற வண்டிச் சேவை ஏற்பட்டது. வேலைக்கு லாயக்கற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின மக்களைத்தான் அதில் சேர்த்தார்கள். பீட்டர் சாஃபர் என்ற டாக்டர் வகுத்த பயிற்சியைப் பெற்று, அந்நாட்டிலேயே முதன்மையான உயிர் காக்கும் ஆட்களில் அவர்களும் ஒருவரானார்கள். அப்படியிருந்தும் 1975-இல் நகர நிர்வாகம் அச்சேவையை நிறுத்திவிட்டது. திறமை பிறப்பினால் வருவதல்ல, பழக்கத்தினால் வருவது என்பதற்கும், திறமை இருந்தும் மனிதனை ஒதுக்குவார்கள் என்பதற்கும் இந்த ஒரே சங்கதி போதாதா?

"போலீசும் கோர்ட்டும் யார் அலைவது?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. முதலில் சிகிச்சை, பிறகுதான் மற்றச் சடங்குகள் என்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட் டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது. உதவியவரைத் தொந்தரவு செய்யக்கூடாதென்ற விதிகளை 2016-இல் அதே கோர்ட் கட்டாயமாக்கிற்று. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்கு வராமல் காக்கிறது. பெயரைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆகவே பயத்துக்கு நியாயமில்லை; மீதி இருப்பது சோம்பல்தான்.

புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க நமக்கு நேரமும் காசும் இருக்கிறது. அடிபட்டவன் கழுத்தை எப்படிப் பிடிப்பதென்று தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லையா?

அதோ பலகையும் கழுத்துப்பட்டையும் இருக்கின்றன. நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். ஒருவர் படுங்கள், நால்வர் தூக்குங்கள், தவறாகவும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். வித்தியாசம் உங்கள் கைக்கே தெரியும். அன்றிரவு எனக்கு இரக்கம் குறைவில்லை, தோழர்களே, கை பழகவில்லை. நாளை லஸ் முனையில் விழுகிறவனுக்காவது பழகிய கை கிடைக்கட்டும் என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறேன்.