பழைய வெள்ளியும் அதன் முத்திரைகளும்

(கஞ்சிக்கோட்டில் மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

நம் நாட்டில் வெள்ளி வெறும் அலங்காரப் பொருள் அன்று. அது எளிய குடும்பங்களின் சேமிப்பு. கொலுசு, தண்டை, அரைஞாண், பஞ்சபாத்திரம், சந்தனக் கிண்ணம், வெற்றிலைப் பெட்டி என்று தலைமுறை தலைமுறையாக வந்த பொருள்களே நெருக்கடிக் காலத்தில் அடகுக்குச் செல்கின்றன. அப்போது எழும் வினா ஒன்றுதான்: இந்தப் பொருளில் உள்ள வெள்ளி எவ்வளவு? 500 கிராம் எடையுள்ள ஒரு செம்பு ஆயிரத்துக்கு 925 பங்கு மாற்றுடையதாயின் அதில் 462.5 கிராம் வெள்ளி இருக்கும். 800 பங்கு மாற்றுடையதாயின் 400 கிராம் மட்டுமே இருக்கும். இரண்டையும் கண்ணால் பார்த்து வேறுபடுத்துவது எளிதன்று. ஆனால் இடையிலுள்ள 62.5 கிராம் வெள்ளி ஒரு குடும்பத்துக்குச் சிறிய தொகை அன்று.

சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை கஞ்சிக்கோடு வழியே செல்கிறது. பாலக்காட்டுக் கணவாய் நெடுங்காலமாகவே தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையிலான வாணிப வழி. சேலம் செவ்வாய்பேட்டைப் பகுதியின் வெள்ளிக் கொலுசுத் தொழில் தென்னிந்தியா எங்கும் பெயர் பெற்றது. ஓர் ஊரில் செய்து, வேறோர் ஊரில் விற்று, மற்றோர் ஊரில் அடகு வைக்கப்படும் பொருளுக்கு, செய்தவரை அறியாத ஒருவரும் நம்பத்தக்க சான்று தேவை. முத்திரையின் பொருளாதாரப் பயன் இதுவே.

முத்திரையின் தோற்றம்

தூய வெள்ளி மிக மென்மையானது. எனவே செம்பு போன்ற உலோகத்தைக் கலந்தே பாத்திரமும் அணிகலனும் செய்ய இயலும். கலப்பு தேவையானதாக இருப்பதால், அது எந்த அளவோடு நிற்க வேண்டும் என்பதில்தான் அரசின் தலையீடு தொடங்குகிறது. இங்கிலாந்தில் 1300-ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளிப் பொருளுக்கு ஸ்டெர்லிங் தரத்தை, அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கை, விதித்தது. தரம் தேறிய பொருளில் சிறுத்தைத் தலை முத்திரை பொறிக்கப்பட்டது. 1363-இல் செய்தவர் தம் சொந்தக் குறியையும் பொறிக்க வேண்டும் என்ற விதி வந்தது. 1478 முதல் இலண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்திலேயே சோதனையும் முத்திரையிடலும் நடைபெற்றன. மண்டபத்தில் இட்ட முத்திரை என்னும் பொருளில் ஹால்மார்க் என்ற சொல் பிறந்தது.

முத்திரை வரிசையைப் படிக்கும் முறை

பழைய ஆங்கில வெள்ளிப் பொருளின் அடியிலோ விளிம்பிலோ சிறு குறிகள் வரிசையாகக் காணப்படும். ஒவ்வொன்றும் ஒரு தனி வினாவுக்கு விடையாகும்.

செய்தவர் யார் என்பதைப் பெயரின் முதலெழுத்துகள் கூறும். மாற்று என்ன என்பதை 1544 முதல் வழக்கிலுள்ள நடக்கும் சிங்கக் குறி கூறும். அது ஸ்டெர்லிங் தரத்தைக் குறிக்கும். 1697 முதல் 1720 வரை இங்கிலாந்தில் 958 பங்குத் தரம் கட்டாயமாக இருந்தமையால், அக்காலப் பொருளில் சிங்கத்துக்குப் பதிலாகப் பிரிட்டானியா எனும் பெண்ணுருவம் இருக்கும். சோதித்த ஊரைச் சிறுத்தைத் தலை (இலண்டன்), நங்கூரம் (பர்மிங்காம்), கோட்டை (எடின்பரோ) போன்ற குறிகள் கூறும். ஷெஃபீல்டின் குறி 1773 முதல் கிரீடமாக இருந்து, 1975-இல் ரோஜாவாக மாறியது. சோதித்த ஆண்டை ஓர் எழுத்து கூறும். அகர வரிசை முடிந்ததும் எழுத்தின் வடிவமோ அதைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவமோ மாறும். ஆகவே எழுத்தை மட்டும் பார்த்து ஆண்டைத் தீர்மானிப்பது தவறு. இவற்றுடன் அரசர் அல்லது அரசியின் தலையுருவம் இருப்பின், வரி செலுத்தப்பட்டது என்று பொருள். இக்குறி 1784 முதல் 1890 வரை மட்டுமே வழங்கியது.

பிற நாடுகள் வேறு முறைகளைக் கையாண்டன. பிரான்சில் 1838 முதல் மினர்வா எனும் தேவியின் தலையுருவம் பொறிக்கப்பட்டது. அதனுடன் உள்ள 1 என்ற எண் 950 பங்கையும், 2 என்ற எண் 800 பங்கையும் குறிக்கும். ஜெர்மனியில் 1888 முதல் பிறையும் கிரீடமும், அவற்றுடன் 800 போன்ற எண்ணும் இடம்பெற்றன. பழைய ருஷ்யப் பொருளில் உள்ள 84 என்ற எண் நூற்றுக்கு 84 அன்று. 96-இல் 84 பங்கு, அதாவது ஆயிரத்துக்கு 875 ஆகும்.

இந்தியாவில் செய்த வெள்ளி

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நாணயச் சாலைகளில் மாற்று ஆய்வாளர்கள் இருந்தனர். எனினும் வெள்ளிப் பாத்திரங்களைச் சோதித்து முத்திரையிட, இங்கிலாந்தில் இருந்தது போன்ற ஆய்வுச்சாலை இங்கு அமைக்கப்படவில்லை. சென்னையில் பி. ஆர் அண்டு சன்ஸ், கல்கத்தாவில் ஹாமில்டன் அண்டு கம்பெனி, கச்சு நாட்டின் புஜ் நகரில் ஊமர்சி மாவ்ஜி ஆகியோரின் பெயர் பொறித்த பொருள்கள் இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்களால் மதிக்கப்படுகின்றன. தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும் சென்னையின் 'சுவாமி' வேலைப்பாடு தனிச் சிறப்புடையது. ஹாமில்டன் பொருளில் நிறுவனத்தின் பெயரெழுத்துகளுடன் யானை உருவமும் ஓர் எழுத்தும் காணப்படும். ஆங்கில முத்திரை வரிசை போன்ற தோற்றத்தை இவை தருகின்றன.

இக்குறிகள் யாவும் செய்தவரின் வாக்குறுதிகளே. மூன்றாம் ஒருவர் சோதித்ததற்கான சான்றுகள் அல்ல. சிறந்த நிறுவனங்கள் அவ்வாக்கைக் காத்தன என்பது வேறு. வாக்குறுதியும் சான்றும் ஒன்றல்ல என்பது வேறு. இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்குச் சோதிக்கப்பட்ட வெளிநாட்டுப் பொருள்களில், 1867 முதல் 'எஃப்' என்ற எழுத்தும் சேர்த்துப் பொறிக்கப்பட்டது. அத்தகைய பொருளில் இலண்டன் முத்திரை இருந்தாலும், அது இலண்டனில் செய்யப்பட்டது என்று முடிவு கட்டலாகாது.

ஊர்ப்புறத் தட்டார் செய்த பொருளில் பெரும்பாலும் எந்த முத்திரையும் இராது. வெள்ளி ரூபாய்களை உருக்கிப் பொருள் செய்வது நாடெங்கும் இருந்த வழக்கம். 1835 முதல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா; மாற்று 916.6. அரசின் நாணயமே அக்காலத்தில் மக்களின் மாற்றுச் சான்றாக விளங்கியது எனலாம். 1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947-இல் நிக்கல் ரூபாய் வந்தது. எனவே 'ரூபாய் வெள்ளி' என்று கூறப்படும் பொருளுக்கு, எந்த ஆண்டு ரூபாய் என்ற வினா இன்றியமையாதது. பற்றவைப்புகள் மிகுந்த கொலுசில், பற்றாசில் உள்ள செம்பும் துத்தநாகமும் மொத்த மாற்றைக் குறைக்கும் என்பதும் கருதத்தக்கது.

முத்திரைக்குப் பதிலாக நம் மரபில் பதிவேடு இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராச சோழன் வழங்கிய பொற்கலங்களின் எடை 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டுக் கல்வெட்டுகளில் குறிக்கப்பட்டுள்ளது. வீட்டுப் பாத்திரத்தில் பெயரும் தேதியும் வெட்டும் வழக்கமும் இவ்வகைச் சான்றே. அது மாற்றைக் கூறாது. உரிமையையும் காலத்தையும் கூறும்.

ஏமாற்றங்கள்

'ஜெர்மன் சில்வர்' என்பதில் வெள்ளி சிறிதும் இல்லை. அது செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றின் கலவை. 'ஈ.பி.என்.எஸ்.' என்ற நான்கு எழுத்துகள் அக்கலவை மீது மின்முறையில் வெள்ளி முலாம் பூசப்பட்டதைக் குறிக்கும். தனித்தனிக் கட்டங்களில் பொறிக்கப்பட்ட இவ்வெழுத்துகளை ஹால்மார்க் என்று மயங்குவோர் பலர்.

திட்டமிட்ட மோசடிகளும் உண்டு. உண்மையான பழம்பொருளிலிருந்து முத்திரைப் பகுதியை வெட்டி எடுத்து வேறொரு பொருளில் பற்றவைப்பது ஒன்று. அவ்விடத்தில் வாயால் ஊதினால் ஒட்டுக் கோடு சில வேளைகளில் தெரியும். பழம்பொருளை அச்சாகக் கொண்டு வார்ப்பது மற்றொன்று. வார்ப்பில் முத்திரையின் விளிம்புகள் மழுங்கியும் நுண்குழிகளுடனும் இருக்கும். உளியால் அடித்த முத்திரை கூர்மையாக இருக்கும். பழக்கத்தால் தேய்ந்திருப்பின் சுற்றியுள்ள பரப்பும் உடன் தேய்ந்திருக்கும்.

முத்திரை இல்லாதபோது

முதலில் எடையும் கன அளவும். தூய வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம், ஸ்டெர்லிங் அதைவிடச் சற்றுக் குறைவு. 500 கிராம் ஸ்டெர்லிங் வெள்ளியை நீரில் அமிழ்த்தி நிறுத்தால் எடை ஏறத்தாழ 48 கிராம் குறையும்; அதே எடையுள்ள ஜெர்மன் சில்வர் ஏறத்தாழ 57 கிராம் குறையும். உள்ளே அரக்கு அடைத்த விளக்குத் தண்டுகளுக்கு இம்முறை பொருந்தாது. அடுத்து உரைகல்: மாற்று அறிந்த உரையாணியின் கோட்டோடு பொருளின் கோட்டை ஒப்பிடுவது. தேர்ந்த கைகளில் இது இன்றும் பயனுள்ளது. எக்ஸ்ரே கருவி பொருளைச் சிதைக்காமல் விரைவில் அளக்கும். ஆயினும் அது மேற்பரப்பையே காண்கிறது. முலாமும், பலமுறை அமிலத்தில் வெளுக்கப்பட்டுச் செம்பு நீங்கிய பழைய பரப்பும், உண்மையைவிட உயர்ந்த மாற்றைக் காட்டக்கூடும். ஐயம் தீராவிடில், சிறு துணுக்கை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துச் செய்யும் வேதியியல் பகுப்பாய்வே இறுதித் தீர்ப்பு.

இன்றைய ஏற்பாடுகள்

இந்தியாவில் தங்கத்துக்கு 2000-இலும் வெள்ளிக்கு 2005-இலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஹால்மார்க் திட்டத்தைத் தொடங்கியது. பதிவு பெற்ற விற்பனையாளர் தாமே முத்திரையிட இயலாது; அங்கீகாரம் பெற்ற ஆய்வு மையமே சோதித்துப் பொறிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் தனி அடையாள எண் முறை விருப்ப அடிப்படையில் தொடங்கப்பட்டது. அமைப்பின் சின்னமும் வெள்ளி என்ற சொல்லும், மாற்று எண்ணும், ஆறு எழுத்தெண்களாலான அடையாளமும் அதன் உறுப்புகள். மாற்று 800, 835, 925, 958, 970, 990, 999 என ஏழு வகைப்படும். அடையாள எண்ணைக் கைபேசிச் செயலி வழியே சரிபார்க்கலாம். முத்திரையிட்ட பொருளில் மாற்றுக் குறைந்தால், குறைவின் மதிப்பைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் பெற 2018-ஆம் ஆண்டு விதிகள் வாங்குவோருக்கு உரிமை அளிக்கின்றன.

அடகு வைப்போருக்கும் பாதுகாப்பு உண்டு. தங்கம், வெள்ளி ஈட்டுக் கடன் குறித்து ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகள், கடன் பெறுவோர் முன்னிலையிலேயே மாற்றுச் சோதனை நடைபெற வேண்டும் என்றும், மாற்று, எடை, கழிவு ஆகியவற்றைக் குறிக்கும் சான்று வழங்கப்பட வேண்டும் என்றும் கூறுகின்றன. முத்திரையற்ற பழைய கொலுசுடன் வரும் ஒருவருக்கு இச்சான்றே முதல் எழுத்துச் சான்றாக அமையக்கூடும்.

நூறாண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டத்தின் வரம்புக்குள் வரும். அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய இயலாது. வாணிபம் செய்ய உரிமம் வேண்டும். ஆகவே பழைய முத்திரையைப் படித்துக் காலத்தை அறிவது சட்ட நடைமுறைக்கும் இன்றியமையாதது. முத்திரையைத் தேய்த்து மெருகிடுவதும், ஆராயாமல் உருக்குவதும் சான்றை அழிப்பதாகும்.

ஒரு முத்திரையைக் காணும் அலுவலரும் மாணவரும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: இதைக் கூறுபவர் யார்? கூறுவது என்ன? அதைச் சோதித்தவர் யார்? முதல் இரண்டுக்கு மட்டுமே விடை இருந்தால் அது வாக்குறுதி. மூன்றுக்கும் விடை இருந்தால் அது சான்று. வாக்குறுதியை நம்பி வாங்கும் நிலையிலிருந்து சான்றைப் பார்த்து வாங்கும் நிலைக்கு எளிய குடும்பங்களின் சேமிப்பைக் கொண்டுசெல்வதே இத்துறையில் எஞ்சியுள்ள பணி.