முதுசமும் தேடியதேட்டமும்

(யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றின் வாசிகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் நாம் அரசியல் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்தோர் பலர் இருக்கக்கூடும். இன்று நாம் பேசப் புகுவது பாட்டைப் பற்றி. பாட்டு அரசியலுக்குப் புறம்பானதா அன்றா என்பதற்கு உரை முடிந்தபின் நீங்களே தீர்ப்பளியுங்கள்.

சென்ற ஆண்டு ஓர் ஊரிலே, கலைவிழா நிகழ்ச்சிகளைத் தெரிவு செய்ய ஒரு குழு கூடிற்று. நாமும் அதில் உறுப்பினராயிருந்தோம். தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, கைத்தொலைபேசியிலே ஒலிப்பதிவு செய்யும் இளைஞர் ஒருவர் பத்து நிமிடம் கேட்டு விண்ணப்பித்திருந்தார். தம் தகப்பனார் உடனிருந்து பறை வாசிப்பார் என்றும் எழுதியிருந்தார். “யாரிடம் கற்றவர்?” என்றார் ஒருவர். “இது வெள்ளைக்காரன் கூச்சல்” என்றார் மற்றொருவர். பறையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆயினும் எல்லோர் மனத்திலும் இருந்தது அதுவே. விண்ணப்பம் தள்ளப்பட்டது. நீதிமன்றத்தில் ஊரார் வழக்குக்கெல்லாம் நின்று வாதாடும் நாம், அன்று ஒரு சொல்லும் பேசாது எழுந்து வந்தோம். அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்கிறோம்.

மூவகைச் சொத்து

நமது தேசவழமை 1707 இல், ஒல்லாந்தர் ஆட்சியிலே எழுத்தில் தொகுக்கப்பட்டது. அது சொத்தை மூன்றாக வகுக்கின்றது. தந்தை வழி வருவது முதுசம். தாய் வழி பெண்ணுக்கு வருவது சீதனம். தம்பதியர் தம் முயற்சியால் ஈட்டுவது தேடியதேட்டம். காணிக்கும் கிணற்றுப் பங்குக்கும் உரிய இப்பாகுபாட்டைப் பாட்டுக்கும் பொருத்திப் பார்ப்போமாக.

நம் மண்ணின் தவில் மேதை தெட்சணாமூர்த்தி மறைந்த 1975 ஆம் ஆண்டிலே, இலண்டனில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் மாதங்கி அருள்பிரகாசம். ஆறு மாதக் குழந்தையாய் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, யாழ்ப்பாணத்திலே வளர்ந்தார். தந்தையார் ஈரோஸ் இயக்கத்தைத் தொடக்கியவர்களுள் ஒருவர். வீட்டில் தங்கிய நாட்கள் சில. பிள்ளைகளைத் தாங்கியவர் தாயார் கலா. போர் துரத்தத் தமிழ்நாட்டுக்கும் மீண்டும் இங்குமாக அலைந்த குடும்பம், 1986 இல் அகதிகளாய் இலண்டன் சேர்ந்தது. தாயார் தையல் வேலை செய்தார். வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியும் களவு போயிற்று. அயல் வீட்டிலிருந்து சுவர் வழியே வந்த ஹிப் ஹொப் இசையே அச்சிறுமிக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

அவர் கல்லூரியிற் பயின்றது திரைப்படக் கலை; சங்கீதமன்று. இரவல் வாங்கிய ஓர் இசைப்பொறியிலே தம் முதற் பாடல்களை அமைத்தார். 2003 இல் வெளிவந்த முதல் இசைத்தட்டு ஐந்நூறு பிரதிகளே. இன்று உலகம் எம்.ஐ.ஏ. என்று அழைப்பது அவரைத்தான்.

2005 இல் வெளிவந்த முதற் தொகுப்புக்கு அவர் இட்ட பெயர் ‘அருளர்’. அது தந்தையாரின் இயக்கப் பெயர். 2007 இல் வந்த இரண்டாவதன் பெயர் ‘கலா’. அது தாயாரின் பெயர். முதுசத்தையும் சீதனத்தையும் இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசித்த நொத்தாரிசு எழுதிவிட முடியும்? சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக் கற்றது அவரது தேடியதேட்டம். இம்மூன்றும் ஒன்று சேர்ந்தபோதுதான் அவர் பாட்டு, வேறெவர் பாட்டும் போலல்லாது, அவருடைய பாட்டாயிற்று.

இன்னுமொன்று. இரண்டாவது தொகுப்பை அமெரிக்காவிலே உருவாக்க அவர் எண்ணியிருந்தார். நுழைவு அனுமதி மறுக்கப்பட்டது. ஆகவே நாடு நாடாகச் சென்று பதிவு செய்தார். தமிழ்நாட்டுக்கு வந்தபோது அவர் தேடியது எதை? உருமி மேளத்தை. நம்மவர் தெருவோரத்தில் நிறுத்திய அத்தோற்கருவியின் ஒலி, உலகத்து அரங்குகளிலே முழங்கிற்று. அத்தொகுப்பின் பாடலொன்று 2009 இல் கிராமி விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. அவருடைய கருத்துகள் யாவற்றையும் நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. எடுத்துக்காட்டு போதும்.

சைக்கிள் சுழற்றிக் கேட்ட பாட்டு

“அது இலண்டன்; இங்கே நம் மரபு வேறு” என்பீர்கள். உரும்பிராயிற் பிறந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரைக் கையிலெடுத்து, நம் பேச்சுத் தமிழிலே பாடிய பொப் பாடல்களை மறந்துவிட்டீர்களா? அன்று அதையும் கூச்சல் என்றவர்கள் உண்டு. இன்று கலியாண வீடுகளிலே அவற்றைப் பாடிக் கைதட்டுவோர் அவர்களுடைய பேரப்பிள்ளைகள்.

நாம் சிறுவராயிருந்த 1990களை நினைத்துப் பாருங்கள். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்டோம். கை ஓய்ந்தால் பாட்டும் ஓயும். சுழற்றியவர் என்ன குலம் என்று அன்று எவரும் கேட்கவில்லை. அவ்விளைஞரின் தகப்பனாரும் அக்காலத்தில் எங்கோ ஒரு முற்றத்தில் சைக்கிள் சுழற்றியவரே. தகப்பனாரின் பறை, தாயார் முணுமுணுத்த சினிமாப் பாட்டு, கைத்தொலைபேசியிலே கேட்ட உலகத்து இசை: இவற்றால் வளர்ந்தவர் அவர். இதுவும் ஒரு குருகுலம் அன்றோ?

சட்டம் விட்டது, மனம் விட்டதா?

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். சொத்துரிமை பேசிய அதே தேசவழமைத் தொகுப்பிலே அடிமைகளைப் பற்றிய பகுதியும் இருந்தது. 1844 இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் 1968 இலும், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலிலே, உள்ளே சென்று வழிபடும் உரிமைக்காக நம் மக்கள் காத்துநிற்க நேர்ந்தது. இன்றோ, சாவீட்டு முற்றத்தில் பறை வேண்டும். மேடையில் வேண்டாம் என்கிறோம். மொழியுரிமையும் நிலவுரிமையும் கேட்டு ஊர் ஊராய்ப் பேசுகிற நாம், பத்து நிமிட மேடையுரிமையை நம் பிள்ளைக்கே மறுத்துவிட்டு, எந்த முகத்தோடு பிறரிடம் நியாயம் கேட்பது?

சாஸ்திரிய இசை அழிந்துவிடும் என்று அஞ்சுவோருக்கு ஒரு சொல். 1960 இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் இசைக் கல்லூரி இன்று பல்கலைக்கழகத்தின் பகுதியாய் நிமிர்ந்து நிற்கின்றது. இணுவிலும் அளவெட்டியும் வளர்த்த தவிலும் நாதசுரமும் நமது பெருமை. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னுமொரு பாய் விரித்தால் அவை குறைந்துபோகா. ஒருவன் தேடியதேட்டத்தால் மற்றவன் முதுசம் அழிவதில்லை.

ஆகவே இவ்வாசிகசாலையாரிடம் மூன்று கேட்கிறோம். அடுத்த ஆண்டு விழாவில், தம் பாட்டைத் தாமே எழுதிப் பாடும் இளையோருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பறை வாசிப்பவருக்கும் மற்றைக் கலைஞருக்குரிய அதே ஆசனமும் அதே பொன்னாடையும் கொடுங்கள். பின்னறையிற் பூட்டிக் கிடக்கும் இடத்தைத் துப்புரவாக்கி, ஒரு கணினியும் ஒலிவாங்கியும் வைத்துப் பிள்ளைகளிடம் திறப்பை ஒப்படையுங்கள். செலவிற் பாதியை நாம் ஏற்கிறோம்.

அவ்விளைஞரின் வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தோம். தகப்பனாரிடமும் மகனிடமும் நம் பிழையை ஒப்புக்கொண்டோம். தகப்பனார் தேநீர் தந்தார், ஒன்றும் பேசவில்லை. மகன் மட்டும், “வாற வருசம் கூப்பிடுவியளோ ஐயா?” என்று கேட்டார். நாம் தனியே நின்று மறுமொழி சொல்ல இயலவில்லை. இச்சபை கூடிச் சொல்லவேண்டிய மறுமொழி அது. இன்றே தீர்மானமாக நிறைவேற்றித் தாருங்கள். நாளைக் காலை நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.