நிகழாத மாநாட்டின் தலைமையுரை

மாநாட்டுத் தலைமையுரை முதலில் மேடையில் ஒலிக்கும், பிறகுதான் அச்சேறும். 1936இல் அம்பேத்கர் எழுதிய ஒரு தலைமையுரைக்கு மேடையே வாய்க்கவில்லை. லாகூரில் இயங்கிய ஜாத்-பாத் தோடக் மண்டல் என்ற சாதி எதிர்ப்பு அமைப்பு, தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. எழுதி முடித்த உரையைப் படித்ததும் மண்டலின் பிரதிநிதி ஹர் பகவான் சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று ஏப்ரல் 27ஆம் தேதி அம்பேத்கர் பதில் எழுதினார். மாநாடு நின்றது. மே மாதம் அவரே தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு, படி எட்டணா என்று விலை வைத்தார். இரண்டே மாதத்தில் எல்லாம் தீர்ந்தன.

இப்படி அச்சான ‘சாதியை அழித்தொழித்தல்’ என்றதும் அதன் கோபத்தைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். கோபம் உண்டு. ஆனால், அது எங்கே எரிய வேண்டும், எங்கே அடங்கியிருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது ஒரு வழக்கறிஞரின் மூளை. அப்போது அவர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர். 26 சிறு பிரிவுகளாக நகரும் இந்த உரையில், கேட்பவர் ஏற்கெனவே நம்பும் ஒன்றை எடுத்துக்கொண்டே ஒவ்வொரு வாதமும் தொடங்குகிறது. இந்த ஒரு உத்தியைப் பிடித்துக்கொண்டால் உரை முழுவதற்கும் வழி கிடைத்துவிடும்.

1. அவையடக்கம் என்னும் பொறி

தலைமையுரைக்கு அவையடக்கம் மரபு. அம்பேத்கரும் தம்மை இந்த இடத்துக்குப் பொருத்தமற்றவர் என்றுதான் ஆரம்பிக்கிறார். அதோடு நில்லாமல், தம்மைத் தேர்ந்தெடுத்தது சாத்திரப்படி சரியா என்று கேட்டு, மராட்டியத் துறவி ராமதாசரின் தாசபோதத்தைச் சாட்சிக்கு இழுக்கிறார். அந்தியஜன் (தீண்டப்படாதவன்) ஒருவன் பண்டிதனாக இருந்தாலும் அவனைக் குருவாக ஏற்கலாமா என்பது ராமதாசரின் கேள்வி. கூடாது என்பது அவர் விடை. இதற்கு என்ன மறுமொழி சொல்வது என்பதை மண்டலின் பொறுப்பிலேயே அம்பேத்கர் விட்டுவிடுகிறார்.

பணிவாகத் தெரியும் இந்தப் பத்தி அவையைக் கூண்டில் ஏற்றுகிறது. அழைப்புக் கடிதத்தை அஞ்சலில் சேர்த்தபோதே அவர்கள் ஒரு சாத்திர விதியை மீறிவிட்டார்கள். அந்த மீறல் சரி என்றால், மற்ற விதிகளை ஏன் காப்பாற்ற வேண்டும்? கேள்வியை அவர் அங்கே கேட்பதில்லை. இருபது பிரிவுகளுக்கும் அப்பால்தான் அது தலைகாட்டுகிறது.

2. மூன்று எதிர்த்தரப்புகள்

முதலில் அரசியல் விடுதலை, சமூகச் சீர்திருத்தம் பிறகு என்றவர்கள் முதல் தரப்பு. ஒரு காலத்தில் காங்கிரசும் சீர்திருத்தக்காரர்களின் சமூக மாநாடும் ஒரே பந்தலில் நடந்தன. 1895இல் புனேயில், சமூக மாநாடு தனிப் பந்தல் போட முயன்றபோது அதைக் கொளுத்துவோம் என்ற மிரட்டல் எழுந்தது. இந்த வரலாற்றைச் சொல்லிவிட்டு அம்பேத்கர் கொள்கை விளக்கத்துக்குப் போகவில்லை, நடந்தவற்றை அடுக்குகிறார். பேஷ்வாக்கள் ஆண்ட புனேயில் தீண்டப்படாதவர் தம் காலடித் தடத்தைத் தாமே பெருக்கிக்கொண்டு போக இடுப்பில் துடைப்பம் கட்ட வேண்டும். இந்தூர்ப் பக்கத்து பலாய் என்னும் தீண்டப்படாத சாதி மக்கள் சரிகைக் கரையிட்ட தலைப்பாகை கட்டக்கூடாது, அவர்கள் பெண்கள் பொன்னோ வெள்ளியோ அணியக்கூடாது. இது 1928 ஜனவரியில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வந்த செய்தி. குஜராத்தின் கவிதா ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முயன்றதற்குத் தண்டனை. ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாராவில், தீர்த்த யாத்திரை முடித்து வந்த தீண்டப்படாதவர் ஒருவர் தம் மக்களுக்கு நெய் ஊற்றி விருந்து வைத்தார். தடிகளோடு வந்த கூட்டம் சாப்பாட்டைப் பாழாக்கி, இருந்தவர்களை அடித்தது.

இந்தப் பகுதியில் உணர்ச்சிச் சொற்கள் மிகக் குறைவு. இடம், செய்தித்தாள், சரிகைக் கரை, நெய் ஆகியவைதான் பேசுகின்றன. அடுத்து ஒரே அமைப்பில் கேள்விகள் வரிசையாக வருகின்றன. தீண்டப்படாதவருக்குப் பொதுப் பள்ளியில், பொதுத் தெருவில் இடம் கொடுக்காத, விரும்பிய துணியையும் நகையையும் அணிய விடாத, விரும்பியதைத் தின்ன விடாத உங்களுக்கு அரசியல் அதிகாரம் பெறத் தகுதி உண்டா? பள்ளி என்றதும் கவிதா, தெரு என்றதும் புனே, துணியும் நகையும் பலாய், உணவு சக்வாரா. கேள்விக்கு முன்பே சாட்சியம் பதிவாகிவிட்டதால் கேட்பவர் பொதுவாக ஒரு பதில் சொல்லித் தப்ப முடியாது. ஒரு நாடு இன்னொரு நாட்டை ஆளத் தகுதியற்றது என்று தத்துவவாதி மில்லை மேற்கோள் காட்டிய காங்கிரஸ்காரர்களிடம், அப்படியானால் ஒரு வகுப்பு இன்னொரு வகுப்பை ஆளவும் தகுதியற்றதுதானே என்று அதே வாதத்தைத் திருப்பித் தருகிறார்.

இரண்டாம் தரப்பு சோஷலிஸ்டுகள். பொருளாதாரச் சமத்துவம் வேண்டும் என்பதில் அவர் தகராறு செய்யவில்லை. புரட்சிக்குப் பிறகும் சாதி பார்க்க மாட்டார்கள் என்ற உறுதி இல்லாமல் ஏழைகள் ஒன்றாகத் திரள்வார்களா என்று மட்டும் கேட்கிறார். மூன்றாம் தரப்பு, சாதி என்பது வேலைப் பிரிவினை என்று நியாயம் சொல்பவர்கள். வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்பவர்களையும் பிரித்து, ஒருவருக்கு மேல் ஒருவராக நிறுத்துவது சாதி என்பது அவருடைய விடை.

சாதிக்கு ஆதரவாக அடுத்து வரும் இனத் தூய்மை வாதத்துக்குச் சொல்லும் மறுப்பில் மட்டும் பிடி தளர்கிறது. சாதிகள் கலந்தே வந்திருக்கின்றன என்று டி.ஆர்.பண்டார்கரின் ஆய்வைக் காட்டியதே போதும். அதற்கு மேலே போய், சாதி நல்ல உடலை வளர்த்திருந்தால் இந்துக்களில் பத்தில் ஒன்பது பேர் படைக்கு உதவாதவர்களாக ஏன் இருக்கிறார்கள் என்று கேட்கிறார். எதிராளியை அவருடைய அளவுகோலாலேயே அடிக்கும் வேகத்தில், மனிதரை உடல் அளவால் தரம் பிரிக்கும் அக்காலத்து நோக்கும் உரைக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது.

3. பழி இடம் மாறுகிறது

உரையின் திருப்பம் இங்கேதான். மண்டல் வலியுறுத்திய கலப்பு மணமே உண்மையான மருந்து என்று அம்பேத்கர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் பெரும்பாலோர் அதைச் செய்வதில்லையே, ஏன்? அவர்கள் கொடியவர்கள் என்பதால் அல்ல, பக்தர்கள் என்பதால் என்கிறார். சாதியைக் கடைப்பிடிப்பவரைக் குற்றவாளி என்னாமல், அவர் நம்பும் சாத்திரத்தின் புனிதத்தையே குற்றவாளியாக நிறுத்துகிறார்.

இது கேட்பவருக்கு விடுதலையும் நெருக்கடியும் ஒன்றாகச் சேர்ந்தது. தனிமனிதராக அவர் மீது பழி இல்லை. கூடவே, தனிமனிதராக நல்லவராக இருந்துவிட்டால் போதும் என்ற ஆறுதலும் போய்விடுகிறது. புத்தரையும் குருநானக்கையும் போல் சாத்திரத்தின் அதிகாரத்தையே மறுக்க வேண்டும் என்கிறார். பஞ்சாப் அவையில் நானக்கின் பெயர் யாருக்கும் அந்நியமானதல்ல. ஆரிய சமாஜச் சார்புள்ள மண்டலோ வேதத்தை விடவும் முடியாமல், இந்தத் தர்க்கத்தை மறுக்கவும் முடியாமல் திணறியது. ஹர் பகவானின் கடிதம் உறுத்தலாகக் கண்ட இடங்களும் இவையே.

சாத்திரத்தைத் தகர்க்கச் சொன்ன பிறகு, விதிகளின் தொகுப்பான மதம் வேறு, கோட்பாடுகளால் ஆன மதம் வேறு என்று பிரித்துக் காட்டி, நடைமுறைத் திட்டம் ஒன்றைக் கொடுக்கிறார். புரோகிதம் பிறப்பால் வரக்கூடாது. அரசுத் தேர்வு எழுதிச் சான்று பெற்றவரே அதைச் செய்யலாம். புரோகிதர்களின் எண்ணிக்கையைச் சட்டம் வரையறுக்க வேண்டும். இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935 அக்டோபரில் இயோலாவில் அறிவித்தவர் இப்படித் திட்டம் கொடுப்பது முரண்போலத் தோன்றலாம். ஆனால், வெளியேறப் போகிறவருக்கு இந்தச் சீர்திருத்தத்தால் கிடைக்கப்போவது எதுவுமில்லை. ஆகவே இதைச் சுயநலம் என்று தள்ளிவிட வழியில்லை. இந்து அவைக்குத் தாம் ஆற்றும் கடைசி உரையாக இது இருக்கலாம் என்ற அறிவிப்பையும் அவர் முடிவுக்காகவே வைத்திருக்கிறார்.

4. காந்தியின் மறுப்பும் மறுமொழியும்

அச்சான உரைக்கு 1936 ஜூலையில் ஹரிஜன் இதழில் காந்தி பதில் எழுதினார். எட்டணா அதிகம், இரண்டணாவாக அல்லது நாலணாவாகவாவது குறைக்கலாம் என்று சொல்லி, எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்றார். மதத்தை அதன் மோசமான உதாரணங்களைக் கொண்டு அளக்கக்கூடாது, சிறந்தவர்களைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது அவர் வாதம். சைதன்யர், துகாராம், திருவள்ளுவர், விவேகானந்தர் என்று ஒரு பட்டியலும் கொடுத்தார்.

அம்பேத்கர் அந்தப் பட்டியலை மறுக்கவில்லை, அதற்குள்ளேயே இறங்குகிறார். ஞானிகள் கடவுள் முன் எல்லோரும் சமம் என்றார்கள், சாதியை எதிர்த்துப் போராடவில்லை. சாதியை மீறுவது ஞானிக்குத்தான், சாமானியனுக்கு அல்ல என்றே மக்களும் பழகிவிட்டார்கள் என்கிறார். பிறகு காந்தியின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்கிறார். வணிகர் குலத்தில் பிறந்தவர் வழக்கறிஞரானார். அவர் மகன் பிராமணப் பெண்ணை மணந்தார். அந்தப் பெண் ராஜாஜியின் மகள் லட்சுமி. குலத்தொழிலைப் போற்றும் காந்தி அதைத் தம் வீட்டிலேயே கடைப்பிடிக்கவில்லையே என்ற இந்தச் சுட்டல், முதல் பார்வைக்குத் தனிப்பட்ட தாக்குதல்போலப் படும். ஆனால், சிறந்தவர்களின் வாழ்க்கையை அளவுகோலாக வைத்தவர் காந்தி. அம்பேத்கர் அந்த அளவுகோலை வைத்தவர்மீதே பொருத்திப் பார்க்கிறார்.

1937இல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் கட்டுரைகளும் தம் மறுமொழியும் இடம்பெறச் செய்தார். அதன் முன்னுரை, ஏற்கெனவே வெளிவந்த மொழிபெயர்ப்புகளாகக் குஜராத்தியையும் தமிழையும் குறிப்பிடுகிறது. தமிழில் அதைக் கொண்டுவந்தது பெரியாரின் குடிஅரசு இதழ். இன்றும் நூலைத் திறந்தால் முதலில் மண்டலோடு நடந்த கடிதப் போக்குவரத்து, பிறகு உரை, பிறகு காந்தி, கடைசியில் அம்பேத்கரின் விடை. சாத்திரத்தைத் தொட்டால் சீர்திருத்தவாதிகளே பின்வாங்குவார்கள் என்பதற்கான ஆவணத்தை வாசகர் முதல் பக்கங்களிலேயே படித்துவிடுகிறார். அதற்கான காரணத்தை விளக்கும் வேலையை மட்டும் உரை எடுத்துக்கொள்கிறது.