உறங்கும் அறையில் கரிச்சட்டி
(ஜமாஅத் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகையின் தாழ்வான பகுதிகளில் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கி, புல்வெளியெங்கும் உறைபனி படிவதை நாம் அறிவோம். முற்றத்தில் கரியைப் பற்றவைத்து, புகை அடங்கியதும் சட்டியை அறைக்குள் கொண்டுவந்து, கதவை அடைத்து, சன்னல் இடுக்குகளில் பழந்துணியும் செருகிவிட்டு உறங்குவது மலைவாழ் மக்களின் நெடுநாளைய வழக்கம். புகைதான் போய்விட்டதே, இனி என்ன ஆபத்து என்று எண்ணுகிறோம்.

புகையற்ற அந்தச் செந்தணலே ஆபத்தானது. காற்றோட்டம் குறைந்த அறையில் கனியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்கிறது. கிளாட் பெர்னார்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1857-லேயே இது இரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பறிக்கிறது என விளக்கினார். இருமலோ கண்ணெரிச்சலோ தந்து அது உறங்குபவரை எழுப்புவதில்லை. விழித்திருப்பவருக்குத் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் தோன்றும். உறங்குபவரோ அப்படியே மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவார்.

உறங்கும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். எலி விளக்குத்திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்ற காரணமும் ஹதீஸில் வந்துள்ளது. இதை நாம் எடுத்துரைக்கும்போது சிலர், "ஹஜ்ரத், எங்களுடையது இரும்புச்சட்டி, அடியில் செங்கல்லும் வைத்திருக்கிறோம், தீப்பற்ற வழியே இல்லை" என்கின்றனர். தொங்கவிடப்பட்ட விளக்கைப் போல் அச்சமற்ற நெருப்புக்குத் தடையில்லை என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கியிருப்பது உண்மையே. ஆனால் பாயில் தீப்பிடிக்காவிடினும் மூச்சில் நஞ்சு கலக்கும் நெருப்பை அச்சமற்றது என்று எவ்வாறு கூறுவது? இச்சட்டிக்கு அச்சலுகை பொருந்தாது என்பதே நம் கருத்து.

அறையில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தால் நச்சு அதில் இறங்கிவிடும் என்று நம்புவோரும் உண்டு. இவ்வாயு தண்ணீரில் மிக அற்பமாகவே கரையும். குளிர் காய விரும்புவோர் கதவைத் திறந்து வைத்துக் காய்ந்துவிட்டு, படுக்குமுன் சட்டியை வெளியே வைத்துவிட வேண்டும். சாம்பல் மூடிய கங்கும் உள்ளே கனிந்துகொண்டுதான் இருக்கும். பிரசவித்த பெண்ணையும் சிசுவையும் குளிர் தாக்காதிருக்க அறையை அடைத்துக் கணப்பு வைப்பதை மூத்த தாய்மார்கள் கண்டிப்பாகக் கைவிட வேண்டுகிறோம். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவுக்கு இந்நச்சின் பாதிப்பு இன்னும் கடுமையானது. குளியலறைக்குள் பொருத்தப்பட்ட கேஸ் கீசரிலும் இதே ஆபத்துண்டு. அதை வெளிச்சுவரில் பொருத்துவதே முறை.

விடுதியும் வாடகை அறையும் நடத்துவோர் நம்மில் பலர். சமவெளியிலிருந்து வரும் விருந்தினர் குளிர் தாங்காமல் கரி கேட்பர். மனம் நோகுமே என்று கொடுத்துவிடாதீர்கள், இன்னொரு கம்பளி கொடுங்கள்.

எவரேனும் மயங்கிக் கிடக்கக் கண்டால், உள்ளே நின்று தெளிய வைக்க முயலாமல், கதவு சன்னல்களைத் திறந்து, அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும். அறையில் கரி எரிந்ததை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி இந்நச்சைப் பிரித்தறியாது, எல்லாம் சரியென்றே காட்டக்கூடும். இரத்தத்தில் ஏறிய நஞ்சு பாதியாகக் குறைய வெறுங்காற்றில் 4 அல்லது 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்ஸிஜன் அளித்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்குள் குறையும். ஆகவே, எழுந்து உட்கார்ந்துவிட்டார், பேசுகிறார் என்று வீட்டிலேயே நிறுத்திவைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.