நாட்டிய உடையில் பூஞ்சை

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளின் பரதநாட்டிய உடையை எடுத்தால் மக்கல் வாடை, மடிப்பெல்லாம் சாம்பல் புள்ளி. ஆடி முடித்த வியர்வையோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். நாப்தலின் உருண்டை பூச்சியைத்தான் விரட்டும். சென்ட் அடித்தாலோ இரண்டு வாடையும் சேர்ந்து வரும்!

உடையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், நன்றாகக் காய்ந்தபின் மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். மாஸ்க் அவசியம். வீட்டுக்குள் தட்டாதீர்கள், தூள் காற்றில் பரவும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு வாங்கும்.

பருத்தியென்றால் சோப்புத்தூள் போட்டு அலசி, ஒரு பக்கெட் நீரில் அரை கப் வெள்ளை வினிகர் கலந்து ஊறவைத்து, மீண்டும் அலசி வெயிலில் போடலாம். வினிகரோடு பிளீச் மட்டும் சேரவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

பட்டின் சமாசாரம் வேறு. பிளீச் பட்டிழையையே அரித்துவிடும். கடும் வெயிலில் சாயம் வெளுக்கும். பட்டு, ஜரிகை உடைகளை நனைக்காமல் நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் தொங்கவிடுங்கள். கறை மிஞ்சினால் டிரை கிளீனிங். கொடுக்கும்போதே இடத்தைக் காட்டிவிடுங்கள். அதற்குமுன் இஸ்திரி போட வேண்டாம், கறை பதிந்துவிடும். கருத்துப்போன சில புள்ளிகள் எதற்கும் போகாது. வாடை போய்விட்டால் பிள்ளை தாராளமாக உடுத்தலாம்.

சலங்கையின் தோல் பட்டையையும் மறக்காமல் பாருங்கள். பீரோவைத் துடைத்து உலரவிட்டு, உடையைப் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள்.